செவ்வாய் வெள்ளித் தலைவலி

முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பருப்பு மட்டும் மினுங்கியது. கண்ணாடித் துண்டோ என்று எடுக்கப் போனேன். விரல் வைத்த இடத்தில் பருப்புதான் இருந்தது. மினுக்கம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அங்கே போனால் இன்னும் கொஞ்சம் தள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பிடப் போகிற பருப்பாயிற்றே என்று நானும் விடாமல் துரத்தினேன்.

என்னோடு வேலை செய்யும் தேவகி வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னாக்கா, மொறத்துல கோலம் போட்டுக்கினு கீற?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் பாதி இல்லை. பயந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இல்லாமல் போன பாதியில், உச்சி வெயிலில் ஏரித் தண்ணீர் பளபளப்பதுபோல ஒரு வெளிச்சம் அலைந்தது. அதன் விளிம்பு ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது. மெல்ல மெல்ல விரிந்து, பார்வையின் ஓரம் வரைக்கும் போய், சொல்லிக்கொள்ளாமல் கரைந்துவிட்டது. அரைமணி நேரம் ஆகியிருக்கலாம். அதற்குப் பிறகு வலது பொட்டில் வலி தொடங்கியது.

என் பெயர் மஞ்சுளா. உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். 'தலைவலிதானே' என்று ஊர் சொல்லும் ஒரு நோயோடு நாளைத் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கால் உடைந்தால் கட்டைப் பார்த்துப் பாவம் என்பார்கள். தலைவலிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. நாம் சொல்வதை அவர்கள் நம்பினால்தான் உண்டு, அநேகமாக நம்புவதில்லை.

என் தலைவலியின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பாம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பெயர் சொல்லி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரை முழுக்க 'அவர்' என்று எழுதினால் எந்த அவர் என்று உங்களுக்குக் குழப்பம் வரும். எங்களுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. சில வருஷங்களுக்கு முன்னால், சம்பா அறுப்புக்குச் சற்று முன், வரப்பில் நடந்துகொண்டிருந்தவரைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். கால் வீங்கிக் கறுத்தது. சிறுநீர் நின்றுவிட்டது. "ரெண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சொட்டுகள் விழ விழ, எங்கள் ஊர் எல்லையம்மன் முகம் அந்த ஈரச் சுவரில் தெரிவதுபோல இருந்தது. 'இவர் எழுந்து நடந்தால், என் ஆயுசுக்கும் செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் இருப்பேன்' என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் எழுந்தார், நடந்தார். வீட்டுக்கு வந்த அன்றே குழம்பில் காரம் போதவில்லை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

வேண்டுதலை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெண்கள் ஏதோ விரதம் இருக்கிறார்கள் என்று ஏழுமலையும் விட்டுவிட்டார். ஆனால் எனக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. நான் சாப்பிடாமல் இருக்கும் வரை அவர் இருப்பார். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் பட்டினியாக இருப்பது சுலபம் இல்லை. சாம்பார் கொதித்து எழும்பும்போது வாசனை மூக்கில் ஏறாது, நேராக வயிற்றுக்குள் போகும். செவ்வாய், வெள்ளியில் உப்புப் பார்ப்பது தேவகியின் பொறுப்பு. அவள் நாக்குக்கு உப்பு தூக்கலாக வேண்டும். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் தண்ணீர்க் குடத்துக்கும் வகுப்புக்கும் நடந்தபடியே இருப்பார்கள்.

முறத்தில் வெளிச்சம் விழுந்தது அப்படியான ஒரு வெள்ளிக்கிழமையில்தான். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. வெளிச்சம் எப்போதாவதுதான் வரும். வலி மட்டும் தவறாமல் வரும். வலது பொட்டில் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல, நாடித்துடிப்போடு சேர்ந்து தட்டும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. தாளிக்கிற வாசனைக்குக் குமட்டும்.

பிள்ளைகளுக்குப் போட்டு முடித்ததும் சாமான் அறைக்குள் போய், அரிசி மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வேன். ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொள்வேன். சணல் கோணியும் அரிசித் தவிடும் கலந்த வாசனை. அடுத்த அறையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வார்கள். அது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்ற இடத்தில் எல்லாக் குரலும் தடுமாறும். நானும் அதோடு சேர்ந்து மிதந்து, எங்கள் ஏரியின் நடுவில் ஒரு மூட்டை மேல் படுத்திருப்பதாகக் கனவு காண்பேன். கரையில் ஏழுமலை நின்று கை காட்டுவார். வலிக்குள்ளும் அப்படி ஓர் அமைதி உண்டு என்று சொன்னால், அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. "யக்கா, உன் மேல கண்ணு பட்டுகீது. இத்தினி புள்ளிங்க தெனமும் உன் கையியே பாத்துக்கினு நிக்குதுங்க, படாம இன்னா பண்ணும்?" என்று தேவகி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடிக்கு எனக்குத் தலைவலி இரண்டு மடங்கானது. சுக்கை உரைத்துச் சூடாகப் பற்று போட்டேன். நெற்றியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். வேர்த்தது. தைலம் தேய்த்துத் தேய்த்து என் பக்கத்தில் யாரும் உட்காராத நிலை வந்தது.

கடைசியில் மருந்துக் கடைதான் கதி என்றானது. எங்கள் பக்கத்துக் கடைகளில் 'தலவலி செட்டு' என்று கேட்டால், இரண்டு மூன்று நிறத்தில் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். எதற்கு எது என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொள்வேன். மாத்திரை விழுங்கும் தண்ணீர், தண்ணீரோடு சேராது என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டேன். நாளாக நாளாக விரதம் இல்லாத நாட்களிலும் காலையிலேயே தலை பாரமாக இருந்தது. அந்த நாட்களிலும் செட்டு தேவைப்பட்டது.

இதோடு இன்னொரு வேலையும் செய்தேன். விரத நாளாகப் பார்த்துத் தலைவலி வருகிறதே, அம்மனுக்கு என் மேல் ஏதோ மனக்குறை என்று முடிவு கட்டினேன். பௌர்ணமியையும் சேர்த்துக்கொண்டேன். பௌர்ணமியன்றும் வலித்தது. சரி, கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்தேன். பட்டினியால் வந்த வலிக்குப் பட்டினியையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அம்மனுக்கும் எனக்கும் நடுவில் அவருடைய உயிர் இருந்தது, அதைத் தாண்டி என்னால் எதையும் பார்க்க முடியவில்லை.

பரீட்சைக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை சோறு வடித்துக்கொண்டிருந்தோம். பெரிய அண்டா. ஒரு பக்கம் தேவகி, ஒரு பக்கம் நான், துணி வைத்துப் பிடித்துச் சாய்க்க வேண்டும். சற்று நேரமாகவே கண்ணோரத்தில் ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. சாய்க்கிற நேரத்தில் வலது பக்கம் முழுக்க அந்த வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. பிடி இருக்கிறது என்று கையை வைத்தேன். அங்கே பிடி இல்லை.

கொதிக்கிற கஞ்சி தரையில் பாய்ந்தது. வாசல் பக்கம் தட்டோடு நின்றுகொண்டிருந்த பிள்ளைகளை நோக்கி ஓடியது. தேவகி அண்டாவை விட்டுவிட்டு முன்னால் நின்ற சிறு பெண்ணை வாரித் தூக்கினாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. என் இடது பாதம் மட்டும் வெந்துவிட்டது. அந்த எரிச்சலை விட, தட்டைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் என்னைப் படுத்தியது.

தலைமையாசிரியை நல்லவர். "டாக்டரப் பாத்துட்டு வந்து அடுப்பப் பத்தவைங்க, அது வரைக்கும் வேணாம்" என்றார். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏழுமலை வண்டியில் அழைத்துப் போனார். அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், என் மகள் என்று சொல்லக்கூடிய வயதுதான் இருக்கும். பாதத்துக்குக் கட்டுப் போடச் சொல்லிவிட்டு, தலைவலியைப் பற்றிக் கேட்டார். ஏழுமலை கதவோரம் நின்றார்.

"எப்பெல்லாம்மா வருது?"

"அது நெனச்சா வருது மேடம்."

"கடைசியா என்னைக்கு வந்துச்சு?"

"வெள்ளிக்கெயம, கஞ்சி கொட்டன அன்னிக்கி."

"அதுக்கு முன்னாடி பெருசா வந்தது?"

"செவ்வாக்கெயம."

"ஞாயித்துக்கெழமை அந்த மாதிரி வராதா?"

"ஞாயித்துக்கெயம கறி எடுப்போம் மேடம்" என்றேன், ஏதோ சம்பந்தமாகப் பதில் சொல்வதுபோல.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "செவ்வாய், வெள்ளி என்ன சாப்பிடுவீங்க?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குள் ஏதோ சரிந்தது. இத்தனை காலம் என் கண்ணெதிரில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பி.பி. பார்த்தார். கண்ணுக்குள் விளக்கு அடித்தார். கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், கோட்டில் நடப்பதுபோல நடக்கச் சொன்னார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எனக்கு இருப்பது மைக்ரேன் (பெரும்பாலும் தலையின் ஒரு பக்கமாகத் துடித்து வலிக்கும் ஒற்றைத் தலைவலி). முன்னால் வரும் வெளிச்சத்துக்கு ஆரா (மூளையின் பார்வைப் பகுதியில் ஏற்படும் தற்காலிகத் தடுமாற்றம்) என்று பெயர். இந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு வேளை தவறிச் சாப்பிடுவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், தூக்கம் கெடுவதும் வலியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். தினமும் நாலைந்து டீ குடிக்கிறவள் ஒரு நாள் ஒரேயடியாக நிறுத்தினால் அதற்கும் தலை வலிக்கும். போதாததற்கு அடிக்கடி மாத்திரை போட்டதால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் நிலைக்குப் போயிருந்தேன்.

"வேளைக்குச் சாப்பிட்டாலே பாதி கொறஞ்சிடும்மா" என்றார்.

"அது மட்டும் முடியாது மேடம்."

"ஏன்?"

அவர் காத்திருந்தார். வெளியே நூறு பேர் நின்றார்கள், ஆனாலும் காத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடைபாதை, குழாய், அம்மன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவோரம் நின்றவர் என் நினைவிலேயே இல்லை.

டாக்டர் என்னைக் கேலி செய்யவில்லை. "விரதத்த விடுங்கன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. வலி எங்கருந்து வருதுன்னு சொல்றது என் வேலை, சொல்லிட்டேன். அடுப்புகிட்ட நிக்கிறவங்க நீங்க, யோசிச்சுக்குங்க" என்றார்.

அவர் சொன்ன மற்றவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். எல்லாத் தலைவலியும் மைக்ரேன் இல்லை. நெற்றியைச் சுற்றித் துண்டால் இறுக்கிக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் வலித்தால், அது பெரும்பாலும் கழுத்தும் தோளும் இறுகியதால் வருவது. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கும், போனைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கும் அதுதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிடரியில் போட்டு, தோளை மெதுவாகச் சுழற்றி, கொஞ்சம் ஓய்வெடுத்தால் இறங்கும். சளி கட்டி மூக்கடைத்துக் கன்னமும் புருவமும் கனத்தால், ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். கொதிக்கிற பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வெந்நீரின் விஷயத்தில் இனிமேல் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்ரேனுக்கு இருட்டறை, ஈரத் துணி, தண்ணீர், தூக்கம். நான் அரிசி மூட்டை மேல் செய்துகொண்டிருந்தது சரியான வைத்தியம்தானாம், வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு படுத்திருந்தால். மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் (காய்ச்சலுக்கும் வலிக்கும் எல்லோரும் போடும் சாதாரண மாத்திரை), சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கும்போதே. வாரத்தில் இரண்டு நாளைத் தாண்ட வேண்டாம். ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் எதையும் போடக் கூடாது.

சில தலைவலிகளுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். இதுவரை பார்த்திராத கடுமையில் திடீரென்று இடிபோல வருவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கைகால் சோர்வது, வலிப்பு, நினைவு தடுமாறுவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது. இவற்றுக்குப் பற்றும் வேண்டாம், சுற்றிப்போடவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும், கண்ணில் வெளிச்சமோ பார்வைக் குறைவோ முதல் முறை வருவதையும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. நான் முதல் முறையே போயிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது ஏழுமலை வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தினார். எதிரில் தண்ணீர் வெள்ளையாகப் பளபளத்தது. பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்காவா?" என்றார்.

தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"சொல்லு மஞ்சு. நான் பொயச்சதுக்கா?"

"வெளிய சொல்லக் கூடாதுங்க. அதான் சொல்லல."

"நீ பட்னி கெடந்த நாள்ல எல்லாம் உன் எதுர்ல குந்திக்கினு, ரெண்டாவுது தபா கொயம்பு ஊத்துன்னு கேட்டுகீறேன்" என்றார். அவர் குரல் உடைந்துபோயிருந்தது. பாம்பு கடித்த அன்று கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

பிறகு கோபம் வந்தது அவருக்கு. "உசுரு என்துதானே? பேரம் பேசறதுக்கு மின்ன என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க நெனவே இல்லாம கெடந்தீங்க. உங்கள எங்க கேக்கறது?"

"அதுவும் வாஸ்தவந்தான்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதேன்.

"வெரதத்த உட்லாமான்னு அம்மன்கிட்டயே கேட்டுர்லாம். பூ வச்சி கேப்போம்" என்றார்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மனின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. கல்யாணம், கிணறு வெட்டு என்று எதற்கும் கேட்பதுண்டு. எனக்கு ஒரே பயம். இடப்பக்கம் விழுந்தால் என்ன செய்வது என்பது ஒரு பயம். வலப்பக்கம் விழுந்து, நான் சாப்பிட்டு, அடுத்த அறுப்பில் அவரை மறுபடி ஏதாவது தீண்டினால் என்ன செய்வது என்பது அதை விடப் பெரிய பயம்.

கோடை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். நான் வழக்கம்போலப் பட்டினி. பூசாரி இரண்டு அரளிப் பூவைத் தண்ணீரில் முக்கி, அம்மன் தோளில் வைத்தார். "பேச்சு குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டார். சற்று நேரத்தில் அவர் கண் சொக்கியது.

பூ விழவில்லை. வெளியே வேப்பமரத்தில் காற்றே இல்லை. எண்ணெயும் குங்குமமும் ஈரக் கல்லும் கலந்த வாசனை. வெயில் வாசற்படி வரை வந்து நின்றது, பிறகு படியில் ஏறியது. ஏழுமலை என் பக்கத்தில் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எந்தப் பூவும் எந்தப் பக்கமும் அசையவில்லை. நேரம் நடப்பதை மறந்துவிட்டதோ என்று தோன்றியது. நாங்கள் மூன்று பேரும் அம்மனும் ஒரு கனவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அப்போது அம்மனின் வெள்ளிக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு மினுங்கியது. அது விரிந்தது. பல் பல்லான விளிம்போடு வளைந்து வளைந்து, அம்மன் முகத்தைச் சுற்றி ஒளி ஓடியது. பாதி முகம் கரைந்து பளபளத்தது. அவ்வளவு அழகு. முன்பு என்றால் எழுந்து தரையில் விழுந்து கும்பிட்டிருப்பேன், ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

ஆனால் எனக்கு அது என்னவென்று தெரியும். இது ஆரா. அரைமணி நேரத்தில் வலி வரும். நேற்று இரவுக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"அம்மா, எனக்குப் பசிக்குது" என்றேன்.

அம்மனிடம்தான் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் குரல் கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எழுந்து, படையல் தட்டில் இருந்த வாழைப்பழத்தை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்தார். "பயத்த உரிச்சிக் குடுப்பா. தல சுத்தி வியுந்துடப் போவுது" என்றவர், தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனார்.

ஏழுமலை உரித்தார். என் வாய் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கண்ணைப் பார்த்தேன். இந்தப் பழத்தைக் கடித்தால் இவரை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அவர்தான் ஊட்டிக்கொண்டிருந்தார். கடித்தேன். மென்றேன். இனிப்பு நாக்கிலிருந்து காது வரை பரவியது. விழுங்கினேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், மூச்சு விட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு.

பூசாரி செம்பில் தண்ணீரோடு வந்தார். அம்மனைப் பார்த்தவர் அப்படியே நின்றார். இரண்டு பூவும் கீழே கிடந்தன.

"எது மொதல்ல வியுந்துச்சி?" என்று கேட்டார்.

"நான் பாக்கல" என்றேன்.

ஏழுமலையைக் கேட்டார்.

"நான் இவளத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் ஏழுமலை.

பூசாரி மறுபடி பூ வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அன்று வலி வந்தது. ஆனால் பாதியில் நின்றது. மாலையில் எழுந்து விளக்கு வைத்தேன்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். கடை மாத்திரையை நிறுத்தியபோது முதலில் வலி கூடியது. டாக்டர் சொல்லியே அனுப்பியிருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆடி பிறப்பதற்குள் தலை லேசானது. காலையில் எழுந்தவுடன் பாரமில்லாத தலை எனக்குப் புதிதாக இருந்தது. யாரோ என் தலையை எடுத்துக்கொண்டு வேறு தலையை வைத்துவிட்டதுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெயிலில் அலைந்தாலும், தூக்கம் கெட்டாலும், மாதவிலக்கின்போதும் இன்னும் வருகிறது. வெளிச்சம் தெரிந்தால் அடுப்பை விட்டுத் தள்ளி வந்து தேவகியைக் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மறுபடி அடுப்பு என் கையில்தான். செவ்வாய், வெள்ளியில் இப்போது உப்பு சரியாக இருக்கிறது. தேவகிக்கு மட்டும் சப்பென்று இருக்கிறதாம்.

பயமும் போய்விடவில்லை. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வயலுக்குப் போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. போனை எடுக்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிட்ட சோறு வயிற்றில் கல்லாகக் கனத்தது. சாப்பிட்டாயே, செவ்வாய்க்கிழமையில் சாப்பிட்டாயே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. விளக்கை ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். முன்பெல்லாம் செவ்வாய் என்பது எனக்கு ஒரு நீண்ட சுரங்கம், விளக்கு வைக்கும் நேரம்தான் அதன் வாய். அன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் இன்னும் சுரங்கத்துக்குள் நின்றேன்.

தெருமுனையில் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தடி, சட்டையெல்லாம் சேறு. மடை உடைத்துக்கொண்டதாம், போன் நனைந்துவிட்டதாம். நான் ஒன்றும் கேட்பதற்கு முன் அவர் கேட்டார்.

"துன்னியா?"

அந்தக் கோடையிலிருந்து தினமும் கேட்கிறார். நான் சாப்பிட்டேன் என்று சொல்லாமல் அவர் தட்டின் முன் உட்காருவதில்லை. அவராக ஏதாவது வேண்டிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லவும் மாட்டார்.

"துன்னேன்" என்றேன். அவர் பூட்ஸைக் கழற்றினார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் உடம்புக்குள் ஒரு மணி அடிக்கிறது. பசி என்பது இவ்வளவு நல்ல சத்தம் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் போட்டு முடித்து, தட்டை மடியில் வைத்துக்கொள்கிறேன். செவ்வாயானால், வெள்ளியானால், முதல் கவளத்தை எடுத்துக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த நேரத்தில் அவர் எந்த வரப்பில் நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி, வாயில் வைக்கிறேன்.